நெட்டக்கால்காரிகளுக்குப் பின்னால்

முழங்கால் தண்ணீரில் குந்தி உட்கார்ந்ததும் காசியம்மாள் பறியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொள்வாள். பனையோலையில் பின்னிய சின்னப் பை அது. விளிம்பு பல்லுக்கு நடுவில் இருக்கும். அடிவயிறு தண்ணீரில் மிதக்கும். உட்கார்ந்த வாக்கில் கழுத்துவரை ஏரி ஏறிவிடும். இரண்டு கைகளும் சேற்றுக்குள் போய்த் துழாவும். விரலில் இடறுகிற இறாலை அமுக்கிப் பிடித்து, மோவாய்க்குக் கீழே கொண்டுவந்து பறிக்குள் தள்ளுவாள். மறுபடி கை கீழே போய்விடும். கைக்குக் கண் வேண்டாம். கண்ணுக்கு வேறு வேலை. அது தூரத்தில் வரிசை கட்டி நிற்கிற பூநாரைகளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் அவளை ஊமை என்றுதான் நினைப்பார்கள். இதை எழுதுகிறவனும் பொன்னேரிக் கல்லூரியில் படித்த காலத்தில், பழவேற்காட்டு ஏரியில் அவள் ஊரான தோணிரேவுக்கு எதிரே ஒரு படகில் போகும்போது, “இன்னாக்கா, எறா கெடைக்குதா?” என்று குரல் கொடுத்துப் பார்த்தான். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கேட்டான். சேற்றுக் கை ஒன்று தண்ணீரிலிருந்து எழுந்து, அப்பால் போ என்று வீசிக்காட்டிவிட்டு மறைந்தது. பாவம், பேச வராது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு கரைக்கு வந்தவனை, கொஞ்ச நேரத்தில் அதே அம்மாள் பிடித்துக்கொண்டாள். படகு எந்தப் பக்கம் போகவேண்டும், எந்தப் பக்கம் போகக்கூடாது, அவன் எந்த ஊர், யார் பிள்ளை, ஏன் இப்படி ஒல்லியாக இருக்கிறான் என்று ஆரம்பித்த பேச்சு பஸ் வருகிற வரைக்கும் நிற்கவில்லை. “காலைலேர்ந்து வாயில பறி. ஒரு வார்த்த பேச முடியாது. அதான் எல்லாத்தியும் சேத்து வெச்சிப் பேசுறேன், கோச்சிக்காதப்பா” என்றாள்.

பல்லை அவள் கண்ணைப்போல் பார்த்துக்கொள்கிறாள். வெற்றிலை போடமாட்டாள். பொங்கலுக்குக் கரும்பு வந்தால் ஊரே கடித்துத் துப்பும்போது, இவள் மட்டும் ஒரு துண்டை அரிவாள்மனையில் நறுக்கி, சின்னச் சின்னதாக வாயில் போட்டுச் சப்புவாள். “பல்லு போச்சின்னா பொழப்பு போச்சி” என்பாள். முன்பற்களில் இடப்பக்கத்து இரண்டும் அடியில் தேய்ந்து, பறியின் விளிம்பு உட்காருவதற்கென்றே செதுக்கினாற்போல் இருக்கும். விரல்கள் நெடுக நண்டு கடித்த தழும்பு. வலது உள்ளங்கையில் கெளுத்தி மீன் முள் ஏறி ஆறிய கருப்பு வடு. அதைக் காட்டி, “இது என் ஆதார் கார்டு” என்று சிரிப்பாள்.

பூநாரையைக் காசியம்மாள் பூநாரை என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. “நெட்டக்கால்காரிங்க” என்பாள். பக்கத்துத் தெருப் பெண்களைப் பற்றிப் பேசுகிற தொனியில்தான் அவைகளைப் பற்றிப் பேச்சு இருக்கும். நேற்று எங்கே போயிருந்தார்கள், இன்று ஏன் தாமதம், கூட்டத்தில் புதிதாக வந்த சாம்பல் நிறக் குட்டிகள் இன்னும் தலையைக் கவிழ்த்துத் தின்னப் பழகவில்லை, இப்படி.

அவளுக்கு அவைகளோடு இருக்கிற உறவு ஆசையால் மட்டும் வந்ததல்ல. கார்த்திகை மழைக்கு ஆற்றுத் தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு வந்து ஏரியில் கொட்டும். போன வருஷம் திட்டாக இருந்த இடம் இந்த வருஷம் பள்ளமாகிவிடும், பள்ளம் மேடாகிவிடும். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே தகடாகத்தான் மின்னும். அடி எங்கே இருக்கிறது என்பதைக் காலை வைத்துத்தான் பார்க்கவேண்டும். அந்தக் காலை அவளுக்கு முன்னால் வைத்துப் பார்த்துச் சொல்கிறவை பூநாரைகள். “அதுங்க நிக்கிற எடத்துல எனுக்கு முழங்காலு. கண்ண மூடிக்கினு போலாம். ரோட்டுல போர்டு நட்டு வெக்கிறாங்கல்ல, அந்த மாதிரி” என்பாள். அது மட்டுமில்லை. பூநாரை நின்ற இடத்திலேயே நிற்காது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலால் சேற்றை மிதித்து மிதித்துச் சுற்றும். அது போனபிறகு பார்த்தால் அடியில் உழுதாற்போல் வட்டமாகக் கலங்கியிருக்கும். கலங்கின சேற்றில் இறால் வந்து அடையும் என்பது காசியம்மாளின் தீர்மானம். “அதுங்க மிதிக்கிறதும் எறாவுக்கு, பேல்றதும் எறாவுக்கு. நான் பின்னாலயே போயி பொறுக்கிக்கிறேன், அவ்ளோதான்.”

ஏரியில் எடுத்ததைப் பெரும்பாலும் ஏரிக்கு அப்பால், நெல் விளைகிற ஊர்களில்தான் விற்பாள். அங்கே லோகாம்பாள் அவளுக்கு நிரந்தரக் கிராக்கி. பொடி இறாலை வாங்கிக்கொண்டு புது அரிசி அளந்து போடுகிறவள். லோகாம்பாளின் வயலுக்குப் பாய்வது ஊர்ப் பெரிய ஏரித் தண்ணீர். அதன் நடுவே நிற்கிற கருவேல மரங்களில் கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் கூடு கட்டி, ஒரு பருவம் முழுக்க எச்சம் கொட்டும். பச்சை பிடித்து நாறுகிற அந்தத் தண்ணீர் மடை வழியே இறங்கினால் பயிர் கருகருவென்று எழுந்துவிடும். மற்றவர்கள் யூரியா மூட்டைக்குக் கடையில் நிற்கும்போது லோகாம்பாள் வீட்டில் நிம்மதியாக இருப்பாள். அதனால் இருவருக்கும் பேச்சு ஒத்துப்போகும். “என் எரு மாடுங்க வந்தாச்சி. உன் நெட்டக்கால்காரிங்க வந்துட்டாங்களாடி?” என்றுதான் ஒவ்வொரு மார்கழியிலும் கூடையை இறக்குவதற்கு முன்பே கேட்பாள்.

காசியம்மாளின் புருஷன் வேலுவுக்கும் சோறு போட்டது அதே பறவைகள்தான். ஆனால் வேறு விதமாக.

பழவேற்காட்டுப் படகுத்துறையில் ராஜேந்திரன் என்பவருடைய ஃபைபர் படகை வேலு ஓட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் சென்னையிலிருந்து கார்கள் வந்துவிடும். ஏறி உட்கார்ந்தவர்கள் முதலில் கேட்பது, ஃபிளமிங்கோ எங்கே என்று. இரண்டாவது கேட்பது, பறக்க வைப்பீர்களா என்று. நிற்கிற பூநாரை தூரத்துக்கு வெள்ளையாகத்தான் தெரியும். பறக்கும்போதுதான் இறக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த சிவப்பெல்லாம் வெளியே வரும். அதைப் படம் பிடிக்கத்தான் அத்தனை பேரும் வருகிறார்கள். வேலு கூட்டத்தை நோக்கி இன்ஜினை முறுக்குவான். அருகில் வந்ததும் படகின் பக்கவாட்டில் உள்ளங்கையால் படபடவென்று அடிப்பான். தண்ணீர்மேல் காலால் ஓடி ஓடி, அப்புறம் எழும்பி, வானத்தில் ஒரு பெரிய சேலையை உதறினாற்போல் கூட்டம் திரும்பும். படகில் இருக்கிறவர்கள் கூவுவார்கள். கரையில் வறுத்த இறால் விற்கிற ரோசி அந்தக் கூச்சலைக் கேட்டதும் அடுப்பைத் தூண்டி எண்ணெயை ஏற்றுவாள். பறவையைப் பார்த்து வருகிறவர்களுக்குப் பசி அதிகம் என்பது அவள் அனுபவம்.

திட்டில் குந்தியிருக்கிற காசியம்மாளுக்கோ, அன்றைய பிழைப்பு அத்தோடு முடிந்தது. பறந்தவை எங்கே இறங்குகின்றனவோ அங்கே அவளும் நடக்கவேண்டும்.

வீட்டில் இதைப்பற்றி நடந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை. நிற்கிற பறவையைப் பார்க்கவா பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறார்கள், அது அவர்கள் ஊர் மிருகக்காட்சி சாலையிலேயே இருக்கிறதே என்பான் வேலு. நீ ஓட்டி ஓட்டி ஒரு நாள் மொத்தமும் ஆந்திராப் பக்கம் போய்விடும், அப்புறம் காக்காயைப் பறக்கவிட்டுக் காட்டு என்பாள் காசியம்மாள். ரோசிக்கு இந்தச் சண்டை என்றால் சர்க்கரை. துறையில் நாலு பேர் இருக்கும்போது எடுத்துவிடுவாள்: “ஒரே வூடு. பொண்டாட்டிக்குப் பறவ நிக்கணும், புருசனுக்குப் பறக்கணும். அந்தப் பறவைக்கு இன்னா வேணும்னு எவனாவது கேட்டானா?”

சண்டை என்னவோ சண்டைதான். ஆனால் துறையில் சவாரி இல்லாத நாட்களில், காசியம்மாள் கரையேறுகிற நேரத்துக்கு வேலு தோணிரேவுக் கரையில் வந்து உட்கார்ந்திருப்பான். காலையெல்லாம் பறியைக் கடித்திருந்த தாடை குளிரில் இறுகிப்போய், கரைக்கு வந்தபிறகும் வாயைத் திறக்க வராது. அவன் எழுந்து எதிரே நின்று, இரண்டு கட்டைவிரல்களையும் அவள் காதடியில் வைத்து அழுத்திச் சுழற்றித் தேய்ப்பான். கொஞ்சம் கொஞ்சமாகத் தாடை இளகும். பறி கீழே இறங்கும். முதல் வார்த்தை பெரும்பாலும் அவனைத் திட்டுவதாகவே இருக்கும். வேலு அதற்காகத்தான் காத்திருந்தவன்போல் சிரித்துக்கொண்டே பறியை வாங்கிக் கையில் எடை பார்ப்பான்.

ஒரு மாசி ஞாயிறு. வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசிக்கொண்டிருந்தது. அன்று படகுகள் அதிகம். மாற்றி மாற்றி விரட்டியதில் கூட்டம் வழக்கமான திட்டை விட்டுவிட்டுப் படகு போகிற வாய்க்காலை ஒட்டிப் போய் அடங்கியிருந்தது. காசியம்மாள் பறியைக் கடித்தபடி அவைகளைப் பார்த்து நடந்தாள். நெட்டக்கால்காரிகள் நிற்கிறார்கள், அப்படியானால் முழங்கால்தான். இத்தனை வருஷமாக அவள் கால் கற்றிருந்த பாடம் அது.

அவை நிற்கவில்லை. மிதந்துகொண்டிருந்தன.

பூநாரைக்கு நீந்த வரும். ஆழத்தில் காலை மடக்கிக்கொண்டு வாத்து மாதிரி உட்கார்ந்துவிடும். நின்றால் வயிற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரியும், மிதந்தால் தெரியாது. காசியம்மாளுக்கு இது தெரியாததல்ல. அன்றைய கானலில் எல்லாப் பறவைக்கும் அடியில் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. பூநாரைக்கு வருகிற நீச்சல் அவளுக்கு வராது. ஏரியிலேயே வளர்ந்தவளுக்கு நீச்சல் தெரியாது என்றால் நம்பமாட்டார்கள். முழங்காலுக்கு மேல் போகத் தேவையே இல்லாதவளுக்கு எதற்கு நீச்சல்?

எடுத்து வைத்த கால் கீழே போய்க்கொண்டே இருந்தது. மார்பு, கழுத்து, மோவாய். வாயில் பறி. பறியில் அன்றைய காலை முழுக்கத் துழாவியது. கத்தவேண்டுமானால் பறியை விடவேண்டும். மூக்கு வரை தண்ணீர் வந்த நேரத்திலும் அவள் பல் விடவில்லை. அதை இன்றைக்கும் அவள் வெட்கப்பட்டுத்தான் சொல்கிறாள்.

அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து வேலுவின் படகு கூட்டத்தை எழுப்ப வந்துகொண்டிருந்தது. அவன் தட்டினான். பறவைகள் எழும்பின. படகில் இருந்தவர்கள் எல்லாரும் தலையை உயர்த்தி வானத்தைப் பார்த்தார்கள். பின்னால் சுக்கான் பிடித்து நின்றவன் மட்டும் தண்ணீரைப் பார்த்தான். பறவைகள் விட்டுப்போன வெறும் தண்ணீரில் ஒரு தலையும் ஓலைப் பறியும் மட்டும் தெரிந்தன. யாருடைய பறி என்று அவனுக்குச் சொல்லவேண்டியதில்லை.

தலைமுடியைப் பற்றித்தான் படகில் இழுத்துப் போட்டான். பறி எப்போது வாயை விட்டதோ, காணோம். அவளுக்குப் பேச்சு வரவில்லை. வேலு முட்டிபோட்டு உட்கார்ந்து, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் காதடியில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தான். தாடை இளகியதும் அவள் அவன் கையைத் தள்ளிவிட்டாள். “எறா போச்சி” என்றாள்.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றி, அடுப்பு மூட்டி, சோறு வடித்த பிறகுதான் இரண்டாவது வாக்கியம் வந்தது. சத்தம் போடாமல் சொன்னாள். “நீ தொரத்தினதாலதான் அதுங்க ஆழத்துக்குப் போச்சி, நான் முழுவினேன். நீ தொரத்தினதாலதான் அதுங்க எழும்பிச்சி, நான் உன் கண்ணுல பட்டேன். ரெண்டுல எத வெச்சி உன்ன இன்னா சொல்றது, நீயே சொல்லு.”

வேலு அடுத்த ஞாயிறு பறவைக் கூட்டம் கண்ணுக்குத் தெரிந்ததுமே, வெகு தூரத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டான். மூங்கில் கழியை ஊன்றிச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனான். பூநாரைகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் இருவர் வாயடைத்துப்போய்ப் பார்த்தார்கள். மற்றவர்கள் பறக்க வைக்கச் சொன்னார்கள். அவன் காது கேளாதவன்போல் கழி ஊன்றினான். கரைக்கு வந்ததும் புகார் ராஜேந்திரனிடம் போயிற்று. “இன்னாடா வேலு, சாமி கும்புட கூட்டிக்கினு போறியா அவங்கள? சத்தம் வரக்கூடாதுன்னா வூட்ல குந்திக்க” என்று சொல்லி அவர் படகை வேறொருவனிடம் கொடுத்துவிட்டார். மற்றப் படகுகள் எப்போதும்போலத் தட்டின.

அடுத்த மார்கழியில் பூநாரைகள் தோணிரேவுத் திட்டில் இறங்கவில்லை. அதற்கடுத்த மார்கழியிலும் இல்லை. மழைத் தண்ணீர் வடியத் தாமதமாயிற்று, அதனால் திட்டு தெளியவில்லை என்று சிலர் சொன்னார்கள். முகத்துவாரத்தில் மண் அடைத்துக்கொண்டது என்றார்கள். விரட்டின விரட்டில் போனது என்று ரோசி சொன்னாள். எல்லாமும் இருக்கலாம். கார்கள் குறைந்தன. ரோசி தன் பெரிய வாணலியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தாள். காசியம்மாள் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அடியைக் குத்திப் பார்த்துப் பார்த்து நடந்தாள். குச்சி ஆழத்தைச் சொல்லும், இறாலைச் சொல்லாது. பாதி நாள் நடையிலேயே போய்விடும்.

படகுமில்லை, துறையில் வேலையுமில்லை. வேலு காசிமேட்டுக்கு விசைப்படகில் ஆளாகப் போனான். கடலில் இறங்கினால் வாரக்கணக்கில் கரை கிடையாது. புறப்பட்ட அன்று பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி நகர்கிற வரைக்கும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தவன், நகர்ந்ததும் தலையை வெளியே நீட்டினான். “அதுங்க நம்ம திட்டுக்கு வந்தா சொல்லு. வந்துர்றேன்.”

அதன்பிறகு விசைப்படகு கரை பிடிக்கும்போதெல்லாம் போன் வரும். நலம் விசாரிப்பதற்கு முன்னால் அவன் கேட்பது ஒன்றுதான்.

“வந்துச்சா?”

“இன்னும் இல்ல.”

அப்புறம்தான் ஆரம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த மகள் சந்தியாவைப் பற்றி, கேஸ் சிலிண்டரைப் பற்றி, கூரையில் மாற்றவேண்டிய ஓலையைப் பற்றி. பேச்சு தீர்ந்தபிறகும் இரண்டு பேரும் போனை வைக்கமாட்டார்கள். அந்தப் பக்கம் துறைமுகத்து இரைச்சல் கேட்கும். இந்தப் பக்கம் காசியம்மாள் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் தாடையைத் தானே தேய்த்துக்கொண்டிருப்பாள். “நம்ம கைய நாமளே வெச்சா எறங்க மாட்டேங்குது” என்று ஒரு தடவை லோகாம்பாளிடம் சொன்னாள். வலியைப் பற்றித்தான் சொன்னாள்.

இந்த வருஷம் தை பிறந்து, கரும்புச் சக்கை தெருவில் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், திட்டின் வடக்கு ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. கொக்காக இருக்கும் என்று நினைத்தாள். கொக்கு தனித்தனியாக நிற்கும்; இது வரிசை. கொஞ்சம் கிட்டே போனாள். குந்தி, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். வயிற்றுக்குக் கீழே வெளிச்சம் இருந்தது. கீற்றுக் கீற்றாக, ஒவ்வொன்றுக்கும் அடியில். நிற்கிறார்கள். பெரிய கூட்டமில்லை. சாம்பல் நிறக் குட்டிகள் நடுவில். ஒன்று சேற்றை மிதித்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவள் இறால் எடுக்கவில்லை. பறியைக் கடித்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். வாயில் பறி இருந்தது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் கத்தியிருப்பேன் என்கிறாள்.

வந்தால் சொல்லச் சொன்னவன் இருக்கிறான். ஆனால் காசிமேட்டில் அவனோடு வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் பழவேற்காட்டு ஆட்கள். அவன் காதில் விழுந்தது மறுநாளே படகுத்துறைக்கு வந்துவிடும். துறைக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வந்துவிடும். பத்துக் கை படகைத் தட்டும். அவன் பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் திட்டு காலியாகிவிடும். காலித் திட்டுக்கு வந்து அவன் என்ன செய்வான்? மறுபடி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்காருவான்.

எனவே காசியம்மாள் பறவைகளை ஒளித்து வைத்தாள். திட்டுக்கு நேராகப் போகாமல், கோரைப் புதரைச் சுற்றி நீண்ட வழியில் போய் இறங்கினாள். பருத்த இறாலைத் துறையில் காட்டாமல் நேராக நெல் விளைகிற ஊர்களுக்குக் கொண்டுபோனாள். துறையில் யாராவது வடக்கே வெள்ளையாகத் தெரிகிறதே என்றால், கொக்கு என்றாள். இரண்டு வருஷமாகச் சுருங்கிக் கிடந்த முகத்தில் திடீரென்று வந்த வெளிச்சத்தை மட்டும் ஒளிக்கத் தெரியவில்லை. ரோசி ஒரு நாள் அவள் பறியை எட்டிப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், வடக்கே ஒரு தடவை பார்த்தாள். “ஆமா, கொக்குதான். நானும் அப்பிடித்தான் சொல்லிக்கினு கீறேன்” என்று சொல்லிவிட்டுச் சின்ன வாணலியில் கரண்டியைப் போட்டுக் கிளறினாள். வண்டி வந்தால் முதலில் லாபம் பார்க்கிறவள் ரோசிதான். அதற்கப்புறம் அவள் அதைப்பற்றி வாயைத் திறக்கவே இல்லை.

போன் வந்தது.

“வந்துச்சா?”

காசியம்மாளுக்குத் தாடை இறுகிவிட்டது. கரையில்தான் இருக்கிறாள், வாயில் பறியில்லை, வெயில் அடிக்கிறது. இருந்தும் திறக்கவில்லை. கடைசியில், “இன்னும் இல்ல” என்றாள்.

சரி என்றான் அவன். அந்தச் சரி எவ்வளவு நீளமாக இருந்தது என்று அவள் இழுத்துக் காட்டுவாள்.

லோகாம்பாளிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அரிசி அளந்துகொண்டிருந்தவள் படியைக் கீழே வைத்துவிட்டாள். “ஏண்டி, நெட்டக்கால்காரிங்கள காப்பாத்துறேன்னு புருசன கடல்லயே வுட்டுடுவியா? அவன் வர்றதுக்குத்தான அதுங்க வரணும்னு குந்திக்கினு இருந்த?” காசியம்மாள் அரிசியை வாங்கி முடிந்துகொண்டு, வரப்பு வழியே நடந்து, பஸ்ஸுக்கு நிற்காமல் தோணிரேவு வரைக்கும் நடந்தே வந்தாள்.

அடுத்த போன் வருகிற வரைக்கும் அவள் யாரோடும் அதிகம் பேசவில்லை என்று ரோசி சொல்கிறாள். காசியம்மாள் கரையில் பேசாமல் இருந்தது அந்த நாட்களில்தான். கடைசியாக மணி அடித்தபோது அவள் எடுத்தது கரையில் அல்ல. எல்லார் காதுக்கும் எட்டாத தூரத்துக்கு ஏரிக்குள் இறங்கிப்போய், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எடுத்தாள்.

“வந்துச்சா?”

“வா” என்றாள் காசியம்மாள். “வர்றப்போ தூரமாவே இன்ஜின நிறுத்திட்டு, கழி போட்டுக்கினு வா.”

அந்தப் பக்கம் துறைமுகத்து இரைச்சல். யாரோ ஐஸ் பெட்டியை இழுத்துப் போகிற சத்தம். பிறகு அவன் குரல், சின்னதாக.

“எவ்ளோ தூரமா?”

“உனுக்குத் தெரியும்.”

ஒப்புக்கொண்ட கடல் நடை ஒன்று பாக்கி இருக்கிறது, அதை முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றான். அவள் கேட்காமலேயே சொன்னான். தோணிரேவில் யாரிடமாவது படகு இரவல் கேட்டு, திட்டுக்கே நேராக வந்துவிடுவதாகவும் சொன்னான்.

இப்போது மாசி. காசியம்மாள் தோணிரேவில்தான் இருக்கிறாள். விடிந்ததும் கோரைப் புதரைச் சுற்றிப் போய்த் திட்டில் இறங்கிவிடுகிறாள். வேலு போன விசைப்படகு இன்னும் கரை திரும்பவில்லை. பூநாரைகள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை படகு ஒன்று எப்படியோ பார்த்துவிட்டு வந்து தட்டியது. கூட்டம் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. அன்று முழுக்க அவள் தண்ணீரை விட்டு ஏறவில்லை.

ஏரியில் இன்ஜின் சத்தத்துக்குக் குறைவில்லை. வலைக்குப் போகிற படகு, கூனி இறாலுக்குப் போகிற படகு, அக்கரைக்கு ஆளேற்றிப் போகிற படகு என்று காலையிலிருந்து ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவற்றில் எதையும் காசியம்மாள் திரும்பிப் பார்ப்பதில்லை. வாயில் பறி, கை சேற்றில், கண் நெட்டக்கால்காரிகள்மேல். எப்போதாவது ஒரு சத்தம் தூரத்தில், வெகு தூரத்தில், நின்றுபோகும். பெட்ரோல் தீர்ந்திருக்கலாம். புரொப்பெல்லரில் வலை சுற்றியிருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான், கொஞ்ச நேரத்தில் கயிற்றை இழுக்கிற சத்தம் கேட்கும், இன்ஜின் மறுபடி உயிர்பெற்று வேறு பக்கம் போய்விடும்.

அந்தக் கொஞ்ச நேரம் அவள் கை சேற்றில் அசைவதில்லை. விரலுக்கடியில் இடறுகிற இறால் தப்பித்துப் போகும். குந்தியிருந்தவள் எழுந்து நின்று, பல்லிலிருந்து பறியை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்கிறாள்.